கடைசி சிகரெட் தேதி போதாது: புகையை விட்டவர்கள் ஆயுள் காப்பீடு எடுக்க ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். 17 வருடம் புகைத்தவன். 2023 பங்குனியில் சிகரெட்டை விட்டேன். அடுத்த வருடம் சித்திரை கழிந்ததும், 'இனி நான் புகைக்காதவன்தானே' என்ற தெம்பில் 50 லட்ச ரூபாய்க்கு டேர்ம் பாலிசி கேட்டு விண்ணப்பித்தேன். சிறுநீர்ச் சோதனையில் மாட்டிக்கொண்டேன். மாட்டிவிட்டது சிகரெட் அல்ல, அதை மறக்க மென்றுகொண்டிருந்த நிகோடின் சூயிங்கம். விளைவு: ஒன்றரை மடங்குக்கும் மேல் பிரீமியம், ஐந்து வாரத் தாமதம், அலுவலகத்துக்கும் கடைக்குமாக அலைச்சல். ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவது முறை விண்ணப்பித்தபோதுதான் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் தடுக்கி விழுந்த இடங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். இங்கே பேசுவது பெரும்பாலும் டேர்ம் பாலிசியைப் பற்றி, அதாவது இறந்தால் மட்டும் பணம் வரும் பாலிசி. புகைப்பவர், புகைக்காதவர் என்று இரண்டு கட்டணப் பட்டியல் இருப்பது அதில்தான். முதிர்வுத் தொகை தரும் சேமிப்புப் பாலிசிகளில் பொதுவாக ஒரே பட்டியல்தான். உடல்நிலையைப் பார்த்துக் கூடுதல் கேட்டால் உண்டு.

1. நாள்காட்டியில் எந்தத் தேதியை வட்டமிடுவது

கடைசி சிகரெட்டின் தேதியை அல்ல, உடம்புக்குள் கடைசியாக நிகோடின் போன தேதியை.

ஆய்வகத்தில் தேடுவது புகையை அல்ல. நிகோடினை உடல் செரித்த பின் மிஞ்சும் கோட்டினின் என்ற பொருளைத் தேடுகிறார்கள். அது சிகரெட்டிலிருந்து வந்ததா, பீடியிலிருந்தா, மூக்குப்பொடியிலிருந்தா, மருந்துக்கடையில் வாங்கிய சூயிங்கத்திலிருந்தா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை இரண்டும் புகையை விட உதவும் நல்ல பொருட்கள்தாம். அவற்றைக் குறை சொல்லவில்லை. நானே அவற்றால்தான் மீண்டேன். ஆனால் அவற்றையும் நிறுத்திய நாளிலிருந்துதான் உங்கள் கணக்கு பாதுகாப்பாக ஓடத் தொடங்குகிறது.

நம் பக்கத்தில் இன்னொரு பொறி இருக்கிறது: வெற்றிலை. 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலையோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எந்தப் பகையும் இல்லை. அதற்குள் வைத்து மடிக்கும் புகையிலைத் துண்டுதான் சிக்கல். நடவுக்குப் போகும் பெண்கள் சுருக்குப்பையில் அதை வைத்திருப்பார்கள், "உங்களுக்குப் புகைப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால் சிரித்துவிட்டு 'இல்லை' என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. விண்ணப்பத்தைப் பொறுத்தவரை அது பொய். படிவத்தில் கேட்பது 'எந்த வடிவிலாவது புகையிலை' என்பதை. சில படிவங்களில் பாக்கு, பான் மசாலாவுக்குத் தனிக் கேள்வியும் உண்டு. வெறும் வெற்றிலை பாக்கு என்றால் அதை அங்கே அப்படியே எழுதுங்கள்.

நிறுத்திய தேதிக்கு ஒரு தாள் ஆதாரம் இருந்தால் நல்லது. அரசு மருத்துவமனையிலோ உங்கள் டாக்டரிடமோ போய், புகையை விட உதவி கேட்டு, ஓ.பி. சீட்டில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேசியப் புகையிலைக் கைவிடல் உதவி எண் 1800 11 2356; கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நான் எந்தச் சீட்டும் வாங்கி வைக்கவில்லை. பிறகு நிறுவனம் விளக்கம் கேட்டபோது, வெள்ளைத்தாளில் கையால் எழுதிக் கொடுத்த கடிதத்தைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

2. படிவத்தின் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

ஒரு நிறுவனம் 'கடந்த 12 மாதங்களில்' என்று கேட்கும். இன்னொன்று 24 மாதம் கேட்கும், வேறொன்று 36 மாதமோ 5 வருடமோ. 'எப்போதாவது புகையிலை பயன்படுத்தியதுண்டா?' என்று மொத்தமாகக் கேட்பதும் உண்டு. ஆகவே நண்பர் ஒரு வருடத்தில் தேறினார் என்பதால் நீங்களும் தேறுவீர்கள் என்று நம்ப வேண்டாம். மூன்று நான்கு நிறுவனங்களின் படிவங்களை வாங்கி அந்த ஒரு கேள்வியை மட்டும் ஒப்பிடுங்கள். கட்டணத்தை ஒப்பிடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை இது.

எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை, எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்ற துணைக் கேள்விகளும் வரும். 'ஏன்' என்பதைக் கவனியுங்கள். மகள் கேட்டாள் என்று விட்டவர் ஒரு ரகம். நெஞ்சுவலி வந்து டாக்டர் சொல்லி விட்டவர் வேறு ரகம். இரண்டாமவர் அந்த மருத்துவமனைச் சுருக்க அறிக்கையை இணைத்தே ஆக வேண்டும். எத்தனை வருடம் புகைக்காமல் இருந்தாலும், நுரையீரலிலோ இதயத்திலோ தங்கிவிட்ட நோய்க்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் வரலாம்; விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கவோ நிராகரிக்கவோ கூடச் செய்யலாம்.

இப்போது நான் செய்த தவறு. என் முகவர் தூரத்து மாமா. கடை மேசையில் ஆர்மேச்சர்களைத் தள்ளிவிட்டு, படிவத்தை விரித்து, அவரே நிரப்பிக்கொண்டு வந்தார். புகையிலைக் கேள்வி வந்தது. பேனா நிற்கக்கூட இல்லை, 'இல்லை' கட்டத்தில் டிக் விழுந்துவிட்டது.

"மாமா, சூயிங்கம் மெல்கிறேனே?"

"அது மருந்து, மாப்பிள்ளை. சிகரெட்டை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிவிட்டதே! 'ஆம்' என்று போட்டு வீணாகக் காசை ஏன் அழுகிறீர்கள்? கையெழுத்தைப் போடுங்கள்."

போட்டேன். அந்தக் கேள்வியில் 'புகையிலை அல்லது நிகோடின்' என்று இருந்ததை இருவருமே படிக்கவில்லை.

படிவத்தை யார் நிரப்பினாலும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்குத்தான். படிவம் ஆங்கிலத்தில் இருந்து நீங்கள் தமிழில் கையெழுத்துப் போட்டால், 'உள்ளடக்கத்தை எனக்குத் தமிழில் விளக்கினார்கள், புரிந்துகொண்டேன்' என்ற உறுதிமொழியும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அதிலும் கையெழுத்து வாங்குவார்கள். வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள்; மாமாவாக இருந்தாலும்.

மூன்று வாரம் வாயைக் கட்டினால் சோதனையில் தெரியாது, பிறகு 'இல்லை' என்று எழுதிவிடலாம் என்று யோசனை சொல்ல ஊரில் ஆள் இருப்பார்கள். கோட்டினின் சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் உடலைவிட்டுப் போய்விடும் என்பது சரிதான். ஆனால் சோதனை ஒன்று, உறுதிமொழி வேறு. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி, பாலிசி தொடங்கி 3 ஆண்டுகளுக்குள் தவறான தகவலையோ மறைப்பையோ காட்டி நிறுவனம் அதைக் கேள்வி கேட்கலாம். அதற்குள் ஏதாவது நேர்ந்தால் விசாரணை அதிகாரி முதலில் போவது மருத்துவமனைக்கு. அவசரச் சிகிச்சைப் பிரிவில் கட்டிலருகே நிற்கும் மைத்துனர், "20 வருடமாகப் பிடிக்கிறார், டாக்டர்" என்று சொல்வார். அது அப்படியே நோயாளிக் குறிப்பில் ஏறும். உங்கள் 'இல்லை' ஒரு பக்கம், இந்த வரி ஒரு பக்கம். இடையில் நிற்கப்போவது உங்கள் மனைவி. 3 ஆண்டு முடிந்தால் நிறுவனம் கேள்வி கேட்க முடியாது என்பதும் அதே சட்டம்தான். ஆனால் அதுவரை தாக்குப்பிடிப்போம் என்று பந்தயம் கட்டுவதற்கு இது சேவல் சண்டை அல்ல.

3. காத்திருக்கும் வருடத்தில் வெறுங்கையோடு இருக்காதீர்கள்

புகையை விட்டு நான்கு மாதம்தான் ஆகிறது, இன்னும் எட்டு மாதம் பொறுத்தால் கட்டணம் குறையுமே என்று காத்திருப்பவர்கள் நிறையப் பேர். வீட்டில் உங்கள் வருமானத்தை நம்பி ஆட்கள் இருந்தால் அது தவறான சிக்கனம் என்பேன். இப்போதே 'ஆம்' என்று உண்மையை எழுதி, புகைப்பவர் கட்டணத்திலேயே ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். தகுதியான காலம் வந்ததும் புதிதாக ஒன்று எடுத்து இதை விட்டுவிடலாம்.

அதற்கும் இப்போது கையில் பணம் இல்லை என்றால், வங்கிக் கணக்கிலிருந்தோ அஞ்சலகக் கணக்கிலிருந்தோ பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்திலாவது சேருங்கள். வருடத்துக்கு 436 ரூபாய், 2 லட்ச ரூபாய்க் காப்பு, 18 முதல் 50 வயது வரை சேரலாம். மருத்துவச் சோதனை கிடையாது. புகைப்பவருக்கும் அதே கட்டணம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு சுற்று. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாள் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம். 2 லட்சம் ஒரு குடும்பத்துக்குப் போதாதுதான். ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

4. தாள்கள்

ஆதார், பான், வயதுச் சான்றுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை, புகைப்படம். இவை எளிது. ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எனக்கு இதிலேயே பத்து நாள் போனது.

உண்மையான முட்டுக்கட்டை வருமானச் சான்று. டேர்ம் பாலிசிக்கு வருமான வரிக் கணக்குத் தாக்கலைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் நம் ஊரில் பலர் தாக்கலே செய்வதில்லை. வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும் விவசாய வருமானத்தைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். இப்போதே தொடங்கினால், நிகோடின் இல்லாத உங்கள் வருடம் முடியும்போது கையில் ஒரு தாக்கலாவது இருக்கும். அதோடு சிட்டா, அடங்கல், இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கும் வட்டாட்சியரின் வருமானச் சான்று, நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து பணம் ஏறியதைக் காட்டும் வங்கிப் பக்கங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். எந்த நிறுவனம் எதை ஏற்கும் என்று விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். குத்தகைக்குப் பயிர் செய்பவர்களுக்குச் சிட்டா நில உரிமையாளர் பெயரில் இருக்கும்; அவர்களுக்கு வங்கிப் பக்கமும் கணக்குத் தாக்கலுமே கைகொடுக்கும்.

5. சோதனை நாள்

நீங்களாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: "கோட்டினின் சோதனை இருக்கிறதா?" எல்.ஐ.சி.யின் நியூ ஜீவன் அமர் திட்ட விதியில், சிறுநீர்க் கோட்டினின் சோதனை முடிவைப் பார்த்துத்தான் புகைக்காதவர் கட்டணம். மற்றவர்கள் எல்லோருக்கும் புகைப்பவர் கட்டணம். அதாவது, இத்தகைய திட்டத்தில் வாழ்நாளில் பீடியைத் தொடாதவரும் சோதனை செய்யாவிட்டால் புகைப்பவர்தான். சோதனையிலிருந்து தப்பித்தோம் என்று மகிழ வேண்டாம், கேட்டு வாங்கிச் செய்யுங்கள். செலவு பொதுவாக நிறுவனத்துடையது. ஆனால் விண்ணப்பத்தை நடுவில் நீங்களே திரும்பப் பெற்றால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரும் நிபந்தனை இருக்கலாம்.

கிராமத்துக்கு வீடு தேடி வந்து மாதிரி எடுப்பவர்கள் குறைவு. என்னைத் தஞ்சாவூருக்கு வரச் சொன்னார்கள். 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். சோற்றை விடலாம், பொழுது விடிந்ததும் காபி இல்லாமல் இருப்பதுதான் எங்கள் பக்கத்து ஆளுக்குச் சித்திரவதை. முதல் பஸ்ஸில் போய் எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். அடையாள அட்டையைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். இரத்தம், இதய வரைபடம், பிறகு வெள்ளை மூடி போட்ட ஒரு சின்ன டப்பா. டப்பாவை வாங்கும்போதும் வாயில் சூயிங்கம் இருந்தது. முந்தின நாள் இரவிலிருந்து ஒரு மிளகுகூடச் சாப்பிடவில்லை என்று பெருமையாக அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் டப்பாவில் எண்ணை ஒட்டினார்.

பஸ்ஸிலிருந்து ஓடிப்போய் இரத்த அழுத்தம் பார்க்க உட்காராதீர்கள். பத்து நிமிடம் ஆறுதலாக இருந்துவிட்டுப் பாருங்கள். அதிகமாக வந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி எடுத்துப் போங்கள். புகையை விட்டதும் எடை கூடுவது பலருக்கு வழக்கம். எனக்கு ஏழு கிலோ. எடையும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் சேர்ந்து உயர்ந்தால், புகையை விட்டதில் மிச்சமாகும் பிரீமியத்தில் ஒரு பகுதியை அவை தின்றுவிடும்.

6. கட்டணத்தை உயர்த்திக் கடிதம் வந்தால்

'இந்தக் கட்டணத்தில் என்றால் தருகிறோம், சம்மதமா?' என்று நிறுவனம் கேட்கும். குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் விண்ணப்பம் முடிந்துபோகும். எனக்கு அப்போது 41 வயது. புகைக்காதவர் கட்டணமாக 12,300 ரூபாய் சொல்லியிருந்தார்கள், கடிதத்தில் 21,600. அதன் மேல் அன்றைய 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்து 25,488 ரூபாய். பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். மூன்றாம் பகுதியில் நான் சொன்ன காரணம்தான்: வெறுங்கையோடு இருக்கக் கூடாது. தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, பழைய விலைப்பட்டியலைக் காட்டி யாராவது வரி கேட்டால் கொடுக்காதீர்கள்.

கோபத்தில் வேறு நிறுவனத்துக்கு ஓடுபவர்கள் கவனிக்க: 'இதற்கு முன் ஏதாவது நிறுவனம் உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்ததா, தள்ளிவைத்ததா, கூடுதல் கட்டணத்தில் ஏற்றதா?' என்ற கேள்வி எல்லாப் படிவத்திலும் இருக்கும். இதற்கும் உண்மையே எழுத வேண்டும்.

7. ஒரு வருடம் கழிந்தபின்

'நிறுத்திவிட்டேன், பழைய பாலிசியின் கட்டணத்தைக் குறையுங்கள்' என்று எழுதிப் பார்த்தேன். டேர்ம் பாலிசியின் கட்டணம் எடுத்த அன்றே நிலைத்துவிடுகிறது. பொதுவாக நடுவில் குறைக்க மாட்டார்கள். வழி புதுப் பாலிசிதான். 2024 ஆடியில் சூயிங்கத்தையும் விட்டேன். 2025 ஐப்பசியில் புதிதாக விண்ணப்பித்தேன்; பழைய கூடுதல் கட்டணம், சூயிங்கம், நிறுத்திய மாதம் எல்லாவற்றையும் நானே என் கையால் எழுதினேன். கோட்டினின் இல்லை என்று முடிவு வந்தது. அதே 50 லட்சத்துக்கு 13,900 ரூபாய், வரி இல்லை. வயது கூடியதால் கொஞ்சம் ஏறியது. உங்கள் பிறந்தநாள் நெருங்குகிறது என்றால் அதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

புதுப் பத்திரம் கைக்கு வந்து, படித்து முடிக்கும்வரை பழையதைத் தொடாதீர்கள். பத்திரத்தோடு உங்கள் விண்ணப்பத்தின் நகலும் வரும். புகையிலைக் கேள்விக்கு நேராக என்ன பதில் இருக்கிறது என்று பாருங்கள். தவறு இருந்தால் உடனே எழுதித் திருத்துங்கள். வேண்டாம் என்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு பழைய டேர்ம் பாலிசிக்குச் சரண்டர், அதாவது நடுவில் ஒப்படைத்துப் பணம் வாங்குவது, எதுவும் இல்லை; அடுத்த தவணையைக் கட்டாமல் விட்டால் போதும். வங்கியில் தானாகப் பிடிக்கச் சொன்ன உத்தரவை ரத்துசெய்ய மறக்காதீர்கள்.

எல்லோரும் மாற வேண்டும் என்றும் இல்லை. பழைய பாலிசி 3 ஆண்டைத் தாண்டிவிட்டது, இடையில் சர்க்கரையும் வந்துவிட்டது என்றால், அதை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். புதியதில் 3 ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

8. தவணை மாதம்

இதைச் சிறு விஷயம் என்று விடாதீர்கள். மாதத் தவணைக்குப் பொதுவாக மொத்தத்தில் கூடுதலாகும். வருடத் தவணை மலிவு. ஆனால் டெல்டாவில் எல்லா மாதமும் பணம் இருக்காது. சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பணம் ஏறும் மாசி, பங்குனியில் தவணை வருவதுபோலப் பாலிசியைத் தொடங்குங்கள். வருடத் தவணைக்கு 30 நாள் சலுகைக் காலம், மாதத் தவணைக்கு 15 நாள்தான். ஆடியில் விதை நெல்லுக்கே கடன் வாங்கும்போது தவணை வந்தால் பாலிசி காலாவதியாகும். புதுப்பிக்கப் போனால் புதிய உடல்நல உறுதிமொழி கேட்பார்கள், 3 ஆண்டுக் கணக்கும் புதுப்பித்த நாளிலிருந்து மறுபடி தொடங்கும். இடையில் மறுபடி புகைக்கத் தொடங்கியிருந்தால் அதையும் அப்போது சொல்ல வேண்டும்.

9. தகராறு என்றால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடத்தும் பீமா பரோசா இணையதளம், அல்லது 155255 என்ற எண். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். காரைக்கால்காரர்களுக்கும் அதே அலுவலகம்தான். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை, 50 லட்ச ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பத்திரம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லும்போது, இன்னொரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். மருத்துவமனையில் யாராவது கேட்டால், 'பிடிப்பார்' என்று சொல்லக் கூடாது. 'முன்பு பிடித்தார், இன்ன மாதம் நிறுத்திவிட்டார்' என்று மாதத்தோடு சொல்ல வேண்டும். என் மைத்துனருக்கு அதை இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். நம்பிக்கை வராததால், பத்திர உறையின் மேலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டிவிட்டேன்: 'சிகரெட்: 2023 பங்குனி. சூயிங்கம்: 2024 ஆடி.'